மேஜை மேல ரெண்டு ரயில், நடுவுல நாலு ஊக்கு

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஹால்ல கிடக்கிற பெரிய மேஜையைத் துடைக்கணும்.

துடைச்சதோட நிறுத்தியிருந்தா இதை எழுதற வேலையே வந்திருக்காது.

மேஜைன்னா சாப்பிடற மேஜை இல்லை. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து பலகை அடிச்சு, பொம்மை ரயில் ஓட்டறதுக்குன்னே செஞ்சது. பொம்மைன்னு சொன்னா கோவம் வரும். மாடல்னு சொல்லணுமாம்!

பெரியவன் கேசவன். சென்னையில வேலை, கல்யாணம் ஆயிடுச்சு. சின்னவன் மாதவன். ஓசூர்ல வேலை, பொண்ணு பார்த்துக்கினு இருக்கோம். "பையனுக்கு ஏதாவது பழக்கம் உண்டா?"ன்னு பொண்ணு வூட்ல கேட்டா, ரயில்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறேன்.

எங்க உத்திரமேரூருக்கு நெஜ ரயிலே கிடையாது. பஸ் ஏறி காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போனாத்தான் தண்டவாளத்தைக் கண்ணால பார்க்கலாம். அப்படி இருந்தும் என் வயித்துல வந்து பொறந்துச்சு ரெண்டு ரயில் பைத்தியம்.

கேசவனுது பிராட்கேஜ், அகலம். மாதவனுது மீட்டர்கேஜ், ஒல்லி. ரெண்டும் ஒரே பாதையில போகணும்னா மூணு கம்பி வேணும். ஒரு ஓரத்துக் கம்பி ரெண்டு ரயிலுக்கும் பொது. மீதி ரெண்டுல ஒண்ணு அகலத்துக்கு, இன்னொண்ணு ஒல்லிக்கு. அந்த மூணு கம்பித் துண்டுங்களை ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆசையா வாங்கினாங்க.

தீபாவளிக்கு வந்தப்போ பிளான் போட உட்கார்ந்தாங்க. பொதுக்கம்பி வலது பக்கம் வரணுமா, இடது பக்கம் வரணுமான்னு பேச்சு வந்துச்சு.

அவ்வளவுதான்! அன்னைக்கு நின்னுது பேச்சு.

பெரியவன் மேஜைக்கு நடுவுல சாக்பீஸால ஒரு கோடு போட்டான். "இந்தாண்ட என்னுது, அந்தாண்ட அவனுது." சின்னவன் அந்தக் கோட்டைக் கோணலா இருக்குன்னு அளந்து பார்த்துட்டுப் போனான். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நான் போடற காலை வணக்கத்தைத் தவிர ஒண்ணும் வரல.

பக்கத்து வூட்டு சாந்தா கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "இன்னாக்கா இது! ஊர்ல வரப்புக்கு அடிச்சுக்கினு நிப்பாங்க. உங்க வூட்ல பலகைக்கா?"

எனக்குச் சிரிப்பு வரல. தினமும் விளக்கேத்தும்போது ஒரே வேண்டுதல்தான். "பெருமாளே, வேற எதுவும் வேணாம். என் பிள்ளைங்க ரெண்டும் பேசிக்கணும்."

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். "அவன் வரானா?"ன்னு பெரியவன் கேட்டான். இருமினேன். "அவரு வராரா?"ன்னு சின்னவன் கேட்டான். அதுக்கும் இருமினேன். பொய் சொல்லல பாருங்க.

சரி, துடைக்கற கதைக்கு வரேன்.

ஈரத்துணியால ஒரே இழுப்பு. சாக்பீஸ் கோடு போயே போச்சு!

எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டவ மாதிரி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கினேன். எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "ஒரு கோடுதானே, திருப்பிப் போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது?"ன்னுட்டு காவாந்தண்டலம் கழனிக்குக் கிளம்பிட்டார்.

சாக்பீஸ் இல்லை. கோலமாவு டப்பா இருந்துச்சு.

கோலமாவு டப்பாவைக் கையில எடுத்த பொம்பளை ஒரு கோட்டோட நிப்பாளா?

எதுக்கு நடுவுல கோடு? ரெண்டுக்கும் சேர்த்து நாமளே ஒரு பாதை போட்டு வச்சுட்டா? வந்து பார்த்துட்டு அசந்துட மாட்டானுங்க? பெருமாளே இந்த யோசனையைக் குடுத்தார்னு நெனச்சேன். பாவம், அவர் மேல பழி போடறேன்.

பெரியவனுக்கு போன் போட்டேன். "ஏன்டா கண்ணு, உங்க பாதை ஸ்டேஷன்ல கிளம்பி எங்க போய் முடியும்?"

"செவுத்தோரம் போய் முட்டி நிக்கும்மா. கடைசி ஸ்டேஷன்."

"முட்டியே நிக்குமா? திரும்பி வராதா?"

"இன்ஜினைப் பின்னால ஓட்டினா வரும். எதுக்கு கேக்கற?"

இருமிட்டு போனை வச்சேன்.

எனக்கு ஆறல. கோடு அந்தரத்துல நிக்கறது வூட்டுக்கு ஆகுமா? எங்கம்மா எனக்குச் சொல்லிக்குடுத்த முதல் பாடம் அது. புள்ளி தவறினாலும் இழை சுத்தி வந்து சேர்ந்துடணும். கல்யாணத்துக்குப் பையனை வச்சுக்கினு முட்டி நிக்கற பாதையைப் போடுவேனா?

மாவுல வரைஞ்சேன். ஸ்டேஷன்லருந்து நேரா ஒரு தண்டு. தண்டு முடியற இடத்துல தாமரை இதழ். ரயில் தண்டு வழியா போகும், இதழைச் சுத்தும், திரும்ப அதே தண்டுல வந்து சேரும். முட்டாது, நிக்காது, யாரும் பின்னால ஓட்ட வேணாம்!

சாந்தா எட்டிப் பார்த்தா. "ஐய! சூப்பரா கீதுக்கா! மார்கழிக்கு இதையே வாசல்ல போடு."

அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் என்னை யாரும் பிடிக்க முடியல.

பெட்டியைப் பிரிச்சு மூணு கம்பித் துண்டுங்களை மாவு மேலயே அடுக்கினேன். ஒண்ணோட ஒண்ணு சொருகிக்கும், சுலபம்தான். தண்டும் இதழும் சேர்ற இடத்துக்குக் கவட்டை மாதிரி பிரியற துண்டு ஒண்ணும் இருந்துச்சு. அதோட ஒரு காலு வழியா கம்பியைக் கொண்டு போனேன். இதழைச் சுத்தினேன். இன்னொரு காலுல கொண்டாந்து சேர்க்கறேன், சேர மாட்டேங்குது!

உத்துப் பார்த்தா, வலது பக்கமா கிளம்பின பொதுக்கம்பி, சுத்தி வந்ததும் இடது பக்கம் நிக்குது.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. வலதா இடதான்னுதானே சண்டை? பெருமாள் ரெண்டு பக்கமும் வச்சுட்டார்! இதைவிட நியாயம் யார் சொல்லுவாங்க?

இனிமே வேலை கம்பியைச் சேர்க்கறது மட்டும்தான். வளையல்ல எப்பவும் ஊக்கு மாட்டி வச்சிருப்பேன். பொடவைக்கும் அதுதான், பையில ஜிப் போனாலும் அதுதான், கொசுவலை கிழிஞ்சாலும் அதுதான். நாலு ஊக்கை விரிச்சு, இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் பாலம் மாதிரி குத்தி வச்சேன். கச்சிதமா நின்னுது. மேல ஒரு பழைய வேட்டியைப் போர்த்திட்டேன்.

ஞாயிறு காலையில வேட்டியைத் தூக்கிப் பார்த்தா, தண்டுலருந்து இதழ் வரைக்கும் வரிசையா எறும்பு போய்க்கினு இருக்கு. பச்சரிசி மாவாச்சே! நான் போட்ட பாதையில முதல்ல ஓடின வண்டி அதுதான். முட்டாம சுத்தி வந்துச்சு. அதைப் பார்த்து எனக்கு இன்னும் தைரியம் வந்துடுச்சு.

பெரியவன் முதல்ல வந்தான். பின்னாலயே சின்னவன் வந்து வாசல்ல நின்னான். "யாரு செருப்பும்மா இது?"

இருமினேன்.

"டாக்டரைப் பாரும்மா"ன்னுட்டு உள்ள வந்தவன், அண்ணனைப் பார்த்ததும் செவுத்துல காலண்டரைப் பார்க்க ஆரம்பிச்சுட்டான்.

இட்லி வச்சேன். ஒருத்தன் கிழக்கே பார்த்து, ஒருத்தன் மேற்கே பார்த்து.

"அம்மா, சட்னி கிண்ணத்தை அங்கயே வச்சுக்கினா மத்தவங்க இன்னா பண்றதாம்?"

"அம்மா, கேக்கறவங்க வாயைத் தொறந்து கேட்டா குடுப்பேன்னு சொல்லு."

நடுவுல நான் ஜங்ஷன் மாதிரி கிண்ணத்தை இந்தாண்டயும் அந்தாண்டயும் அனுப்பிக்கினு இருந்தேன்.

சாப்பிட்டு முடிச்சதும் சாமியைக் கும்பிட்டுட்டு வேட்டியை உருவினேன்.

ரெண்டு பேரும் பார்த்தாங்க. அசந்துட்டாங்கன்னுதான் நெனச்சேன்.

"ஓட்டிப் பாருடா"ன்னேன். பெரியவன் ஒயரை மாட்டி, இன்ஜினை வச்சு, சுவிட்சைப் போட்டான்.

டிக்!

இன்ஜின் ஒரு இஞ்சு கூட நகரல. கரண்ட் குடுக்கற குட்டிப் பெட்டியில செவப்பு விளக்கு எரியுது. ஊக்குகிட்டருந்து லேசா புகை. மாவு கருகற வாசனை வேற.

கொல்லைப்பக்கத்துலருந்து சாந்தா குரல் குடுத்தா. "அக்கா! புட்டுக்கு மாவு வறுக்கறியா? எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை!"

பெரியவன் சட்டுனு சுவிட்சை அணைச்சுட்டுக் குனிஞ்சான். சின்னவன் அந்தப் பக்கம் குனிஞ்சான்.

"டேய்."

"இன்னாண்ணா?"

"ஊக்குடா!"

"ஒண்ணு இல்லண்ணா. நாலு! இதோ பாரு, துருப்பிடிச்சது ஒண்ணு."

"ஊக்கை விடு. அதை எடுத்துட்டாலும் ஓடாது. இந்த இதழைப் பாரு. இடது கம்பி சுத்தி வந்து எதுல சேருது?"

"ஐயையோ! வலதுல!"

"ஒவ்வொரு கம்பியிலயும் வேற வேற கரண்ட், ரெண்டும் நேருக்கு நேரா மோதும். இது பாதை இல்லடா, குஸ்தி."

நான் மெதுவா கேட்டேன். "கரண்ட் கம்பியிலயா வருது? நான் ரயிலுக்குள்ள பேட்டரி இருக்கும்னு..."

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தாங்க. பெரியவன்தான் முதல்ல சிரிச்சான். சின்னவன் தரையிலயே உட்கார்ந்துட்டான்.

"இழை சேரணுமேடா, நடுவுல நிக்கக் கூடாதுடா"ன்னு நான் நியாயம் பேசப் பேச, இன்னும் மோசமா சிரிக்கறானுங்க.

"அண்ணா, நல்லவேளை, அம்மா புள்ளி வைக்கல!"

"வச்சிருக்குடா. ஸ்டேஷனுக்குள்ள பாரு."

வச்சிருந்தேன். அழகுக்கு.

மத்தியானம் பூரா ரெண்டு பேரும் இதழைப் பிரிச்சு, எறும்பைத் தட்டி, பாதையைத் திரும்பப் போட்டாங்க. நான் காபி கொண்டு போனப்போ சின்னவன் கேக்கறான், "அண்ணா, பொதுக்கம்பி எந்தப் பக்கம்?"

"எதுனா ஒரு பக்கம் வைடா. ரெண்டு பக்கமும் வச்சா இன்னா ஆவும்னு பார்த்தோமில்ல?"

சாயங்காலம் அகல ரயிலும் ஒல்லி ரயிலும் ஒண்ணு பின்னால ஒண்ணா ஒரே பாதையில போய், செவுத்தோரம் முட்டி நின்னுச்சு. அந்த இடத்துல மட்டும் சின்னதா ஒரு தாமரை போட்டுக்கறேன்னு கேட்டேன். ஒரே குரல்ல "வேணாம்"னாங்க.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னால குடும்ப குரூப்பைத் தொறந்தேன். தீபாவளிக்கு அப்புறம் முதல் தடவையா நிரம்பி வழியுது. பெரியவன் ஊக்கு போட்டோ போட்டிருந்தான். சின்னவன் அதுக்குக் கீழ, "டிசைன்: எங்க அம்மா." அதுக்கு அண்ணன் சிரிக்க, அதுக்குத் தம்பி சிரிக்க, நடுவுல எங்க வூட்டுக்காரரும் சேர்ந்து சிரிச்சிருக்கார்.

என் பிள்ளைங்க பேசிக்கணும்னுதான் பெருமாள்கிட்ட கேட்டேன். யாரைப் பத்தின்னு சொல்லாம விட்டது என் தப்பு.