தலைவருக்கு இன்னொரு டம்ளர்

தங்கை சுவாதி குனிந்து தட்டை நீட்டியபோதுதான் மாதேஸ்வரனின் மூக்கில் அந்த வாசனை ஏறியது.

எலுமிச்சை வாசனைதான். ஆனால் அதன் முதுகில் இன்னொன்றும் ஏறிக்கொண்டு வந்தது. புளித்த மாவும் ஈரக் கோணியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. அவனுக்கு அது நன்றாகவே தெரியும். நேற்று சாயங்காலம் அவன் தன் கையாலேயே கலந்த சரக்கின் வாடை.

தட்டிலிருந்து முதல் டம்ளரை எடுத்தவர் நாராயணப்பன். மாப்பிள்ளைக்கு அப்பா, சூளகிரிப் பக்கத்தில் மது ஒழிப்புக் குழுத் தலைவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அதைவிட விறைப்பான முகம். காபி, டீயைக்கூடப் போதை வஸ்து என்று தள்ளிவைத்தவர். அதனால்தான் பெண் பார்க்கும் படலத்தில் காபிக்குப் பதில் எலுமிச்சை ஜூஸ்.

"ஆஹா!" என்றார் ஒரே மடக்கில் முக்கால் டம்ளரை இறக்கிவிட்டு. "வெயில்ல வந்ததுக்கு உயிரே வந்துச்சு."

மாதேஸ்வரனுக்கு உயிர் போயிற்று.

அவனைக் குடிகாரன் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வான். சிப்காட்டில் ஒரு பிரேக் கம்பெனியில் அசிஸ்டென்ட் மேனேஜர். கம்பெனிக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், தங்கள் ஊரில் பீரில் எலுமிச்சை ஜூஸ் கலந்து குடிப்பார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாதேஸ்வரன் நாக்கில் 'பேலன்ஸ்', 'சிட்ரஸ் நோட்' என்றெல்லாம் வார்த்தைகள் குடியேறின. கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி போய் பீர் வாங்கி வருவான். சாத்துக்குடி பிழிவான். காரட் துருவியில் எலுமிச்சைத் தோலைத் துருவுவான். நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை கல்லுப்பு. எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கில் கலந்து ஃப்ரிட்ஜில் ஊறவைப்பான்.

"இது குடி இல்ல ப்ரியா. ரசனை" என்று மனைவிக்கு விளக்குவான்.

"ரசனை வாந்தியா வந்தா நாந்தான கழுவணும்?" என்பாள் ஜெயப்ரியா.

நேற்றுக் கலந்தது, இன்று மத்தியானம் வரவிருந்த ஆபீஸ் நண்பர்களுக்காக. விடிந்ததும் தரகர் போன் செய்தார். அடுத்த வாரம் வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார் இன்றே வருகிறார்களாம். தலைவருக்கு ஓசூரில் ஏதோ கூட்டமாம். மாதேஸ்வரன் நண்பர்களை வரவேண்டாம் என்று சொல்லி, தூக்கை இட்லி மாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஸ்வீட் வாங்க ஓடினான்.

அப்பா இல்லாத வீடு. தங்கை கல்யாணம் அவன் பொறுப்பு. ஜாதகம் பொருந்தி, சுவாதியும் போட்டோவைப் பார்த்து மறுபேச்சுப் பேசாத முதல் இடம் இதுதான். 'பொண்ணோட அண்ணன் சோடாவைக்கூடத் தொடமாட்டாருங்க' என்று தரகர் அங்கே சத்தியம் செய்திருந்தார்.

"ஐயா, சக்கரை கம்மியா இருக்கும். குடுங்க, மாத்திக் கொண்டாறேன்" என்று மாதேஸ்வரன் டம்ளரைப் பிடித்தான்.

"சரியாத்தான் இக்குது தம்பி" என்று நாராயணப்பன் டம்ளரை விடவில்லை. இழுபறியில் மிச்சம் இருந்ததையும் அவசரமாக வாயில் ஊற்றிக்கொண்டார். "பாப்பா, இன்னொரு டம்ளர் குடும்மா."

சுவாதி ஜக்கோடு குனிந்தாள். வாடை மறுபடியும் குப்பென்று அடித்தது.

மாப்பிள்ளையின் அம்மா சரோஜம்மாள் மூக்கைச் சுருக்கினாள். "என்னமோ வாசனை வரல?"

"சிப்காட் காத்துங்கம்மா" என்றான் மாதேஸ்வரன். "ஏதோ ஒரு கம்பெனில எதையோ புளிக்கவெக்கறான். ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பாக்கறதில்ல."

சொன்னதற்குச் சாட்சியாக எழுந்து போய் ஜன்னல்களை எல்லாம் சாத்தினான். சாத்திய பிறகு வாடை வெளியே போக வழியில்லாமல் ஹாலிலேயே தங்கிவிட்டது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தான். இதுவரை வாடை படாதிருந்த மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஹரீஷ்குமாரும் இப்போது மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

"நெலமங்கலத்துல இக்கற எங்க அக்கா வூட்டுலயும் இப்படித்தான் காத்து வரும்" என்று சரோஜம்மாள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, சுவாதியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பின்னலைத் தடவினாள். "முடி என்னா பளபளப்பு கண்ணு! என்ன போடறே?"

சுவாதி வெட்கத்தோடு தலையைக் குனிந்தாள். "வீட்டு வைத்தியந்தாங்க" என்றாள் ஜெயப்ரியா சமையலறையிலிருந்து.

மாதேஸ்வரன் சமையலறைக்குப் பாய்ந்தான். மேடையில் தூக்கு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்பாகம் அவனைப் பார்த்துப் பளீரென்று சிரித்தது.

"ப்ரியா, இதுல இருந்தது எங்க?"

"சுவாதி எடுத்துக்கிட்டா." அவள் பஜ்ஜியை எண்ணெயில் திருப்பிக்கொண்டிருந்தாள். "இப்ப அதுவா முக்கியம்? நகருங்க, எண்ணெய் தெறிக்குது."

சந்தேகம் தீர்ந்தது. தீராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்பா இல்லாத பெண்ணை அண்ணன் எப்படி வளர்த்தான் என்று நாளைக்கு ஊர் கேட்டால், பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் கையாலேயே பீர் ஊற்றிக் கொடுக்க வைத்தான் என்றல்லவா பதில் வரும்! காது மடல்கள் அவனுக்கு எண்ணெயில் விழுந்த பஜ்ஜி போலக் கொதித்தன.

ஒரு சொம்புத் தண்ணீரோடு ஹாலுக்குத் திரும்பினான். ஜக்கில் கடகடவென்று ஊற்றினான்.

சரோஜம்மாள் மகனைப் பார்த்தாள். மகன் அம்மாவைப் பார்த்தான். விருந்தாளி குடிக்கிற ஜூஸில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குகிறவன் சீர்வரிசையில் என்னென்ன செய்வான் என்று அந்தப் பார்வைகள் கணக்குப் போட்டன.

"தண்ணி கலக்காதீங்க தம்பி" என்றார் நாராயணப்பன். "இருந்தபடி இருந்தாத்தான் ருசி. போறதுக்கு முன்னாடி இன்னொரு டம்ளர் அடிச்சிட்டுப் போறேன். கூட்டத்துல தொண்டை காயும்."

"கூட்டத்துல... பேசப் போறீங்களாய்யா?"

"பேச்சு அப்பறம். மொதல்ல ஊதறது." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம குழுவுல ஒரு வழக்கம் வெச்சிருக்கறேன். மேடைக்கு வர்ற ஆம்பள ஒவ்வொருத்தனும் மகளிர் குழுத் தலைவி முகத்துக்கு நேரா வாயத் தொறந்து ஊதணும். மொத ஆளா நான் ஊதுவேன். அப்பறந்தான் மத்தவங்க. இன்னிக்கி எரநூறு பொம்பளைங்க வர்றாங்க."

மாதேஸ்வரனின் கண் முன்னால் மேடை விரிந்தது. மைக், மாலை, வாயைத் திறக்கும் தலைவர், மயங்கி விழும் மகளிர் குழுத் தலைவி. நாளைக்கு மாவட்டம் முழுக்க அந்த வீடியோ. தங்கை கல்யாணம் நிற்பது ஒரு பக்கம். ஒரு மனுஷன் ஆயுசுக்கும் சேர்த்த பேர் இந்த ஹாலில், இந்த சோபாவில், அவன் கலந்த சரக்கில் கரைந்துகொண்டிருந்தது.

ஹரீஷ்குமார் கார் சாவியை எடுத்தான். எல்லாரும் எழுந்தார்கள்.

"ஐயா, போகாதீங்க!"

அவன் அவர் காலடியில் மண்டியிட்டுவிட்டான். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவருடைய செருப்பில்லாத கால்விரல்களைப் பார்த்துச் சொன்னான்.

"நீங்க குடிச்சது ஜூஸ் இல்லீங்கய்யா. பீர். எலுமிச்சை, சாத்துக்குடியெல்லாம் போட்டு நான் கலந்து வெச்சது. பாப்பா தெரியாம ஊத்திடுச்சு. அவ மேல தப்பில்ல. நாந்தான் குடிக்கறவன். தரகர் சொன்னது பொய். என்னை எப்படி வேணாலும் திட்டுங்க, பொண்ண மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."



நாராயணப்பன் காலி டம்ளரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மெள்ள சோபாவில் சாய்ந்தார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். கண்கள் பாதி மூடின. இதழோரம் ஒரு சிரிப்பு வழிந்தது.

"அதான பாத்தேன்" என்றார். குரல் குழைந்திருந்தது. "மொத மடக்குலயே நாக்கு சொல்லிச்சு. நாந்தான் நம்பல."

"ஏங்க?" என்றாள் சரோஜம்மாள்.

"அத்திப்பள்ளிதான தம்பி? டோல்கேட்டத் தாண்டி, எடது கைப் பக்கம், ரெண்டாவது கடை? வேற எவன்கிட்டயும் இந்தக் குளுமை வராதுப்பா." அவர் தலை லேசாக ஆடியது. மாதேஸ்வரனின் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார். "ஆனா எலுமிச்ச கலக்கணும்னு எனக்குத் தோணல பாத்தியா? நீ படிச்சவன்!"

"உங்களுக்கு எப்படிங்க அந்தக் கடை தெரியும்?" என்றாள் சரோஜம்மாள்.

"மாசாமாசம் குழு வேலையா பெங்களூர் போறேனில்ல சரோஜா..." தலைவர் சுட்டுவிரலை உதட்டில் வைத்துக்கொண்டார். "உஷ். பெங்களூர் வரைக்கும் நான் போனதே இல்ல. அத்திப்பள்ளியோட திரும்பிருவேன். கொய்யா இலையக் கடிச்சுட்டு ஊதினா எந்தத் தலைவிக்கும் தெரியாது. தலை சுத்துது தம்பி. நல்லாச் சுத்துது. உன் கைக்கு மோதரம் போடணும்."

"அய்யோ தேவ்ரே!" என்று சரோஜம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹரீஷ்குமார் கார் சாவியை மறுபடி பாக்கெட்டில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அடக்கிய சிரிப்பில் அவன் தோள்கள் குலுங்கின.

சரோஜம்மாள் கணவரைப் பார்த்தாள், மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"எட்டுப் பொருத்தம்தான் இக்குதுன்னு ஜோசியர் சொன்னாரு. மிச்சம் ரெண்டும் இப்பப் பொருந்திருச்சு. தட்டு மாத்திக்கலாம், எழுந்திரிங்க."

மாதேஸ்வரன் எழவில்லை. நாராயணப்பன் எழ முயன்று, தள்ளாடி, மறுபடி சோபாவில் விழுந்தார்.

அப்போதுதான் பின்னலை முன்னால் இழுத்து முகர்ந்துகொண்டே சுவாதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அண்ணா, உன் தூக்குல இருந்தத நான் காலையிலயே, முடி பளபளக்கட்டும்னு, தலைக்கு ஊத்திக் குளிச்சிட்டேன்... அவரு குடிச்சது அண்ணி புழிஞ்ச எலுமிச்ச ஜூஸுதான்."