பாகம் பிரித்த தொலைநோக்கி

அண்ணாந்து பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். நடக்கிற வழியில் பள்ளம் தெரியாது, எதிரே வருகிற சொந்த மச்சான் தெரியாது, வீட்டில் கேஸ் தீர்ந்தது தெரியாது. ஆனால் வியாழனுக்கு எத்தனை நிலா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால், கேட்ட குற்றத்துக்கு முக்கால் மணி நேரம் நின்றே ஆகவேண்டும். இவர்களோடு சினிமாவுக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு தடவை போயிருந்தால் மறு தடவை போயிருக்க மாட்டீர்கள். திரையில் விண்கலம் வெடித்துச் சிதறும், கதாநாயகி கதறுவாள், கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும் ஒரு குரல் வரும்: "காத்தே இல்லாத இடத்துல எப்படிங்க சத்தம் கேக்கும்?"

நம்ம ராக்கெட் இந்த இனத்தில் அக்மார்க் சரக்கு. ராக்கெட் என்பது ஊர் வைத்த பெயர். தொழில், லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் லிப்ட் நின்றுபோய் உள்ளே நாலு பேர் வியர்த்துக்கொண்டிருந்தால், இவர் கதவிடுக்கில் வாயை வைத்து ஆறுதல் சொல்வார். "பயப்படாதீங்க. இதுவே கிட்டத்தட்ட ஒளி வேகத்துல போற கப்பலா இருந்தா உள்ள உங்களுக்கு அஞ்சு நிமிஷம், வெளிய நூறு வருஷம் ஓடியிருக்கும்." உள்ளே அழுகை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

மாமியாரையும் விட்டுவைப்பதில்லை. "வால் நட்சத்திரம் வருதாமே மாப்பிள்ளை?" என்று அந்த அம்மாள் பாவம், பேச்சுக்குக் கேட்டார்.

"நட்சத்திரம் இல்ல அத்தை. வால்மீன்."

"அப்போ மீனா?"

அன்றைக்குச் சாப்பாடு ஆறிப் போனது.

இந்த ராக்கெட்டுக்கு ஒரே ஒரு சிநேகிதன். பல் டாக்டர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பாடப் புத்தகத்துக்குள் விண்வெளிக் கதைகளை ஒளித்து வைத்துப் படித்து, ஒரே பிரம்பால் அடி வாங்கிய உறவு. வளர்ந்ததும் இருவரும் சேர்ந்து விண்வெளிக் கதை ரசிகர் மன்றம் தொடங்கினார்கள். மொத்தம் ஏழு பேர். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு தொலைநோக்கியும் வாங்கினார்கள். ஐந்து வருஷம் நன்றாகத்தான் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் மன்றக் கூட்டத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. கதையில் வருகிற கப்பல் ஒளியை முந்திக்கொண்டு போகலாமா? போகக் கூடாது, விதி விதிதான் என்றார் ராக்கெட். கதைதானேடா, போனால் போகட்டும் என்றார் பல் டாக்டர். இல்லாத கப்பலின் இல்லாத வேகத்துக்காக இரண்டு பெரிய மனிதர்கள் மேஜையைத் தட்டினார்கள். மன்றம் இரண்டாக உடைந்தது. அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் ராக்கெட்டோடு மூன்று பேர். இந்தப் பக்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் போக உறுப்பினர் என்று சொல்ல ஓர் ஆள் மிச்சமில்லை.

அதோடு விட்டார்களா? தொலைநோக்கியையும் பாகம் பிரித்தார்கள்! குழாய் ராக்கெட்டுக்கு. ஸ்டாண்டும், கண் வைத்துப் பார்க்கிற லென்ஸும் பல் டாக்டருக்கு. தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். குழாயையும் ஸ்டாண்டையும் இணைக்கிற திருகாணி ஒன்று உண்டு, அது மட்டும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் யாரும் இல்லை. குழாய் பழைய போர்வை சுற்றி அலமாரி மேல் ஏறியது. மூன்று வருஷம் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

இந்தச் சமயம் பார்த்துத்தானா அந்த வால்மீன் வரவேண்டும்? பதினோராயிரம் வருஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிற விருந்தாளி. ஒரு வாரம் மட்டும், பொழுது சாய்ந்ததும் மேற்கே கொஞ்ச நேரம் தெரியும், அப்புறம் கிடையாது. ராக்கெட் வெறும் குழாயை இஸ்திரிப் பலகை மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை இடுக்கி ஆறு நாள் பார்த்தார். மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான். ஆறாம் நாள் அது எதிர்வீட்டுக் குளியலறை விளக்கு என்று தெரிந்தது.

"போய் டாக்டர் அண்ணனைக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"அவன் வந்து கேக்கட்டும்."

"எப்போ? பதினோராயிரம் வருஷம் கழிச்சா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வால்மீன் மேல் இருந்த அதே ஏக்கம் ராக்கெட்டுக்குப் பல் டாக்டர் மேலும் இருந்தது. மூன்று வருஷமாகச் சண்டை போட ஆளில்லாமல் மனுஷன் வாடிப் போயிருந்தார். புது மன்றத்தில் அவர் எதைச் சொன்னாலும் மற்ற இரண்டு பேரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். அதில் என்ன சுகம்?

ஏழாம் நாள், கடைசி நாள், சாயங்காலம் ஐந்தரைக்கு ராக்கெட்டுக்குத் திடீரென்று பல்வலி வந்தது. எந்தப் பல் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். போர்வைக்குள் குழாயோடு மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பல் டாக்டர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "உக்காருங்க. ஆ காட்டுங்க."

ராக்கெட் காட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. இரண்டு கன்னத்திலும் பஞ்சு, நாக்கின் மேல் கண்ணாடி, தலைக்கு மேல் விளக்கு. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் பல் டாக்டர் அவிழ்த்துவிட்டார். "கதைன்னா கதைடா! நீ சொல்ற வேகத்துல போனா கப்பல் பக்கத்து நட்சத்திரம் போய்ச் சேர்றதுக்குள்ள கதாநாயகனோட பேரனுக்குப் பல்லு கொட்டிடும். அப்புறம் யாருடா படிப்பா?"

"ஆ... ஆஆ..."

"வாயை மூடாதே. ரெண்டாவது பாயிண்ட் இருக்கு."

ஒன்பது பாயிண்ட் இருந்தது. ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாமல் ராக்கெட்டின் கண்ணில் நீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுப் பஞ்சை எடுத்தார். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்குடா வந்தே?"

"இன்னிக்குத்தான்டா கடைசி."

"தெரியும். ஆறு நாளா மொட்டை மாடியில வெறும் ஸ்டாண்டை நட்டு வெச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அப்புறம் என்ன பேச்சு? குழாயைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். "டாக்டர், எனக்கு?" என்றார் கன்னம் வீங்கியவர். "இருங்க, பத்தே நிமிஷம். உங்க பல்லு எங்கயும் போகாது!"

மாடியில் மேற்கு வானம் சிவந்து கிடந்தது. டாக்டர் லென்ஸை மாட்டினார். ராக்கெட் குழாயை ஸ்டாண்டில் வைத்தார். குழாய் நிற்கவில்லை.

"திருகாணி எங்கடா?"

"உன்கிட்டதானே இருக்கு?"

"உன்கிட்ட இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

இரண்டு முகத்திலும் ஈயாடவில்லை. மனைவி நிதானமாகக் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒன்றை அவிழ்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டாத்தான் தர்றதுன்னு அன்னிக்கே எடுத்து வெச்சேன்."

ராக்கெட் திருகினார், திருப்பினார், குறி பார்த்து வைத்தார். சரி, பார்த்தாரா? இல்லை. மூன்று வருஷப் பாவத்தைக் கழுவ வேண்டாமா? "நீ மொதல்ல பாருடா." "சேச்சே, நீ பாரு." "உன் ஸ்டாண்டு." "உன் குழாய்டா." இந்த உபசாரம் முடியாது என்று தெரிந்துகொண்ட மனைவி குனிந்து கண்ணை வைத்தாள். "அம்மாடி!" என்றாள். வெகுநேரம் அசையாமல் பார்த்தாள்.

அவள் நிமிர்ந்தபோது வால்மீன் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

இருவரும் அழவில்லை. அழ நேரமில்லை. "தங்கச்சி, வாலு ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"எண்ணலையேண்ணா. அழகா இருந்துச்சு."

"ரெண்டு இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

"இந்த வெளிச்சத்துல ரெண்டாவது எப்படிடா தெரியும்? ஒண்ணுதான்" என்றார் ராக்கெட்.

"ரெண்டுடா!"

"விதி தெரியாமப் பேசாதே!"

மனைவி திருகாணியைக் கழற்றினாள். கைக்குட்டையில் முடிந்தாள். பைக்குள் போட்டு மூடினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வால் ஒன்றா இரண்டா என்ற இடத்தில், "எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன்" என்று உங்கள் நாக்கு ஒரு நொடி துறுதுறுத்ததல்லவா? எதற்கும் உங்கள் வீட்டு அலமாரி மேல் போர்வை சுற்றிய பாதி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், வீட்டில் இருப்பவர்களின் கைப்பையைக் கொஞ்சம் மரியாதையோடு நடத்துங்கள்.