உழக்கரை முந்திய நாள்

2025 யூன் 14, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நல்ல வெயில், இருபத்தாறு பாகை, இலை அசையவில்லை. தென் பிரான்சில், எண்ணூறு வருடப் பழைய மதில் சூழ்ந்த ஒரு மலையடிக் கிராமம். அந்த நிமிடத்தில்தான் நான் உழக்கரை முந்தினேன். இதை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, இரண்டு கால் உள்ள எந்தப் பிறவியும் உழக்கரை முந்தியதில்லை.

உழக்கர் என்பது பெற்றார் வைத்த பெயரல்ல. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிளை மிதிப்பதில்லை, உழக்குவோம். டென்மார்க்கில், பிராண்டே என்ற சிற்றூரில், காற்றாலை இறக்கை செய்யும் ஒரு தொழிற்சாலையில் நானும் அவரும் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தோம். நான் களஞ்சியத்தில் ஆணி எண்ணினேன். அவர் இறக்கைக்குப் பசை பூசினார். மதிய இடைவேளையில் சாப்பாட்டு மேசை தானாக ஆடும். குனிந்து பார்த்தால் கீழே அவருடைய இரண்டு காலும் சுற்றிக்கொண்டிருக்கும். பல் வைத்தியரின் கதிரையிலும் அப்படித்தான். கோவிலில் சம்மணம் போட்டு இருக்கும்போதுகூட முழங்கால்கள் மாறி மாறி எழும்பும்.

"ஐசே, நிப்பாட்டும், காணும்" என்றால், "நான் எங்கை அண்ணை உழக்கிறன், அது தன்ரை பாட்டில போகுது" என்பார்.

என்னைவிட இரண்டு மாதம் மூத்தவர். இருந்தும் நான் அவருக்கு அண்ணை. எங்கள் வயதில் இரண்டு மாதத்துக்கு என்ன பெறுமதி என்று அந்த மனிதனுக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு இருவரும் ஊரிலுள்ள முதியோர் சைக்கிள் கழகத்தில் சேர்ந்தோம். பன்னிரண்டு டேனிஷ்காரரும் நாங்கள் இரண்டு பேரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடி, பெரிய தெருவிலுள்ள பேக்கரி வாசலில் முடிப்போம். என்னுடையது கார்பன் சைக்கிள், ஏழே முக்கால் கிலோ. கைபிடியில் ஒரு மீற்றர். வேகம், இதயத் துடிப்பு, சாலையின் ஏற்றம் எல்லாம் காட்டும். ஏற்றம் எப்போதும் பூச்சியம்தான். எங்கள் ஊரில் மேடு என்றால் பாடசாலைக்கு முன்னால் உள்ள வேகத்தடை. உழக்கரிடம் இருந்தது பதின்மூன்று கிலோ இரும்புச் சைக்கிள். மீற்றர் கிடையாது. என் மீற்றரை எட்டிப் பார்த்து, "என்னவாம் அண்ணை, பசிக்குதாமோ?" என்று கேட்பார்.

வழியில் மாட்டுக்குக் கை காட்டுவார். தோட்டத்தில் நிற்கும் கிழவிகளிடம் நின்று சுகம் விசாரிப்பார். எதிர்காற்றிலும் வாய் ஓயாது. நான் மூச்சுக்குத் தவிக்கும்போது மகளின் சமையலைப் பற்றிக் கதைப்பார். அப்படியெல்லாம் செய்தும் பேக்கரிக்கு முதலில் போய்ச் சேருவது அவர்தான். நான் வந்து இறங்கும்போது அவர் பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டியில் பாதியைத் தின்று முடித்திருப்பார். நாங்கள் பந்தயம் ஓடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. பந்தயம் என்று தெரிந்து வென்றிருந்தால் நானும் தோற்றேன் என்று விட்டிருப்பேன்.

இன்னொன்று. சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் மற்றவர்கள் வாழைப்பழம் வைப்பார்கள். இவர் வெள்ளித்தாளில் சுற்றிய இடியப்பமும் சம்பலும் வைப்பார். தண்ணீர்ப் போத்தலில் இரசம். ஒரு நாள் கழகத் தலைவர் யென்ஸ், ஆறடி நாலங்குல ஆள், தாகத்தில் அந்தப் போத்தலை வாங்கி ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். முகம் சிவந்தது, கண் கலங்கியது. அப்படியே சைக்கிளில் ஏறினார். அடுத்த எட்டுக் கிலோமீற்றருக்கு உழக்கரைத் தவிர ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. அதன் பிறகு சனிக்கிழமைகளில் அந்தப் பன்னிரண்டு பேரும் போத்தலை நீட்டிக்கொண்டு உழக்கரின் முன்னால் வரிசையில் நின்றார்கள். நான் கடையில் விலை கொடுத்து வாங்கிய, தண்ணீரில் கரைக்கும் சக்தி மாவை ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "உழக்கரைப் பாருங்கோ, வயிறு எண்ட சாமானையே காணேல்லை" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு என்னிடமே அவருக்கு வடை கட்டிக் கொடுத்துவிடுவாள்.

ஆகவே, கழகம் பிரான்சுக்குப் போகிறது என்று தெரிந்ததும் முதலில் பெயர் கொடுத்தவன் நான்தான். கிராமத்துக்கு மேலே நாலு கிலோமீற்றர், பதினொரு வளைவு, உச்சியில் ஒரு சிறு தேவாலயம். எல்லாவற்றையும் படத்தில் பார்த்து வைத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உழக்கருக்கு முன்னால் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் வரும்போது நான் பாதி பணிஸ் தின்றிருக்க வேண்டும். அதற்கென்றே பிராண்டேயிலிருந்து ஒரு பணிஸ் கொண்டு போனேன்.

அந்தச் சனிக்கிழமை காலை முந்திரிகைக் கொடித் தோட்டங்களுக்கு நடுவே ஓடினோம். வேலியோரம் செரிப்பழம் காய்த்துக் கிடந்தது. உழக்கர் மூன்று மரத்தில் நின்று பறித்துத் தின்றார். ஆனாலும் கிராமத்துக் கோட்டை வாசலில் எனக்கு முன்னால் அவர். மற்றவர்கள் எங்களுக்குப் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தார்கள். சதுக்கத்தில் ஒரு பெரிய கல் கட்டடம். நெற்றியில் 'ஹோட்டல் டு வில்' என்று கொத்தியிருந்தது.

"அண்ணை! ஹோட்டல்! உள்ளுக்கை போய் ஒரு தேத்தண்ணி அடிச்சிட்டு ஏறுவமே?"

முப்பத்தைந்து வருடம் ஐரோப்பாவில் இருந்தும் அவருக்கு ஹோட்டல் என்றால் தேநீரும் வடையும்தான். பிரெஞ்சில் அது நகர மண்டபம் என்று எனக்குத் தெரியும். நான் படித்தவன்.

"ஓம், ஓம்" என்றேன். "நல்ல தேத்தண்ணி எண்டு கேள்விப்பட்டனான். நீர் ஆறுதலா இருந்து குடிச்சிட்டு வாரும். நான் மெல்ல உழக்கிக்கொண்டு போறன்."

பத்து நாற்பது. அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். நான் பறந்தேன்.

முதல் வளைவில் சிரித்தேன். நாலாவது வளைவில் சிரிப்பு நின்றது. ஏழாவதில் மீற்றர் என் இதயத்தைப் பற்றிச் சொன்ன எண்ணை என் மனைவிக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. பதினோராவது வளைவைக் கடந்து, தேவாலய வாசலில் சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தேன். முப்பத்தாறு நிமிடம். திரும்பிப் பார்த்தேன். சாலை வெறுமையாகக் கிடந்தது. வென்றுவிட்டேன்!

ஆனால் பார்க்க ஒருவரும் இல்லை. தேவாலயம் பூட்டியிருந்தது. சுவரில் ஒரு பல்லி மட்டும். அதுகூடச் சொல்லவில்லை. பணிசை எடுத்துப் பாதி தின்றுவிட்டு மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. பாதிப் பணிசோடு ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் வெற்றி வீரனாக நிற்பது? தேநீர் கேட்டவரைப் பொலிஸ் பிடித்துவிட்டதோ என்று ஒரு பயமும் வந்தது. இறங்கினேன்.

சதுக்கத்தில் கழகத்தின் சைக்கிள்கள் பதின்மூன்றும் அந்தச் சுவரில் சாய்ந்திருந்தன. உள்ளே பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். வெள்ளை உடுப்பில் மணமகள், கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளை. நடுவில், மஞ்சள் சைக்கிள் சட்டையோடு, உழக்கர்.

நடந்ததைப் பிறகு யென்ஸ் எனக்குச் சொன்னார். உழக்கர் போன நேரம் பதிவுத் திருமணம் தொடங்குகிற நேரம். பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளை வீடென்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடென்று நினைத்தார்கள். முன் வரிசையில் கதிரை போட்டு இருத்தினார்கள். இவரும் தேநீர் வருமென்று காத்திருந்தார், கால் கீழே சுற்றியபடி. கலியாணம் என்று விளங்கியதும் வெறுங்கையோடு இருக்க மனம் கேட்கவில்லை. இடியப்பம் சுற்றிய வெள்ளித்தாளைத் துடைத்து, அதில் இருபது யூரோவும், எங்கள் வழக்கப்படி மேலே ஒரு யூரோவும் வைத்து மடித்து, மாப்பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார். மண்டபம் உருகிவிட்டது. பின்னால் வந்து சேர்ந்த கழகத்தாரையும் ஜன்னலால் கை காட்டி உள்ளே அழைத்துவிட்டார்.

என்னைக் கண்டதும் உழக்கர் டேனிஷில் கத்தினார். "இவர்தான்! இவர்தான் அண்ணை! தனிய மலை ஏறினவர்!"

யென்ஸ் தன் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அதை மொழிபெயர்த்தார். எண்பது பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். மணமகள் என் கன்னத்தில் முத்தம் தந்தாள். வாசகர்களே, சொல்லுங்கள்: என் ஒரே வெற்றி, அதுவும் இவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டுமா?

"நல்ல இடம் காட்டினியள் அண்ணை" என்றார் உழக்கர், ஒரு துண்டு கேக்கை என் வாயில் திணித்து. "தேத்தண்ணி மட்டும் இல்லை. நீங்கள் அனுப்பினதாலதானே வந்தனான், வெள்ளித்தாளில உங்கட பேரையும் எழுதிப்போட்டன். பாதி உங்கட பங்கு. பத்தரை யூரோ தாங்கோ."

என்னிடம் பத்து யூரோத் தாள்தான் இருந்தது. ஐம்பது சதம் கடன். பிராண்டேக்கு வந்த பிறகு டென்மார்க் காசில், நாலு குரோனராகக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். "யூரோவில பட்ட கடனை யூரோவிலதான் தரோணும்." ஒவ்வொரு சனிக்கிழமையும் பேக்கரி வாசலில், பாதிப் பணிசோடு, "அண்ணை எனக்குக் கடன்காரன்" என்று எல்லாருக்கும் டேனிஷில் விளக்குவார்.

மணமக்கள் படம் அனுப்பினார்கள். நடுவில் அவர்; ஓரத்தில், வாய் நிறையக் கேக்கோடு நான். அவரை வெட்டிவிடலாமென்று கத்தரிக்கோல் எடுத்தேன். முடியவில்லை. அவருடைய கை என் தோளில் கிடக்கிறது. வெட்டினால் நானும் போய்விடுவேன்.

இந்த வருடம் மாசி மாதம் உழக்கர் வடக்கே ஓல்போர்க் நகரத்தில் இருக்கும் மகளோடு வாழப் போய்விட்டார். இப்போது சனிக்கிழமைகளில் தமிழராய் ஓடுவது நான் ஒருவன்தான். மற்றவர்கள் இரசம் இல்லாமல் மெதுவாக வருகிறார்கள். பேக்கரிக்கு முதலில் போய்ச் சேருகிறவன் நான். பணிசை முழுதாகத் தின்கிறேன், சுவையில்லை.

போன மாதம் யேர்மன் எல்லைக்கு மலிவுச் சாமான் வாங்கப் போனபோது மிச்சக் காசில் ஓர் ஐம்பது சதம் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேற்று ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டேன்.

"ஓல்போர்க்குக்கோ? அம்பது சதம் குடுக்கவோ?" என்றாள் மனைவி. கையில் வடைப் பார்சல்.

"கடன் கடன்தானே" என்றேன்.

ரயில் ரிக்கெட், எனக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து, முந்நூற்றுப் பதினெட்டு குரோனர்.