கொள்ளுக்கு மூன்று ரவுண்டு

விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கிடைப்பதில்லை என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எனக்குக் கிடைக்காமல் போகப் பார்த்ததற்கு விவசாயத்தைக் குறை சொல்ல முடியாது. முழுப் பொறுப்பும் என்னுடையது. கொள்ளு விரும்பினால் அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஆடியில் ராகி, புரட்டாசி கடைசியில் கொள்ளு, மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு. பார்த்த வரன்கள் எல்லாம் "பையன் என்ன பண்றாரு?" என்ற கேள்வியோடு முடிந்துபோயின. கடைசியாக அதியமான்கோட்டையில் ஒரு வரன் அமைந்தது. ஜாதகம் பொருந்தியது. பெண்ணுக்கு என் போட்டோ பிடித்திருந்தது. (ஸ்டுடியோக்காரர் கோட்டு மாட்டிவிட்டு, படத்தில் என் முகத்தை மூன்று சுற்று வெளுப்பாக்கியிருந்தார். பெற்ற தாயே 'யாருடா இது' என்று கேட்ட படம் அது.) பெண்ணின் அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தரகர் சொன்னார். தை மாதக் கடைசி ஞாயிறு மாலை நாலு மணிக்கு வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் கலைந்தால் இனி பெண் தேடுவதில்லை என்று அம்மா அறிவித்துவிட்டார்.

அதே வாரம் கொள்ளும் காய்ந்து தயாராக இருந்தது. எங்கள் ஊரில் கொள்ளு அடிக்கத் தனியாக ஆள் வைப்பதில்லை. பிடுங்கிக் காயவைத்த கொடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காயை உடைத்துத் தரும். நாங்கள் திருப்பிப் போட்டுத் தூற்றிக்கொண்டால் போதும்.

சனிக்கிழமையே போட்டுவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். நான் ஞாயிறு காலை போட்டேன். சனிக்கிழமை இரவோடு ஊருக்கு அந்தப் பக்கம் ரோட்டில் பாலம் வேலைக்காகக் குழி தோண்டியதும், பஸ்களைச் சுற்றுவழியில் அனுப்பியதும் ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் விருந்தாளிகளுக்காக இனிப்பும் காரமும் வாங்கப் பாப்பாரப்பட்டிக்குப் போயிருந்தார்கள். நான் லுங்கியைத் தூக்கிக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, முகமெல்லாம் கொள்ளுத் தூசியோடு வண்டிக்காகக் காத்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில் வந்தவை ஒரு சைக்கிளும் நான்கு ஆடுகளும். ஆடுகள் மிதிக்க வரவில்லை, தின்ன வந்தன.

பதினோரு மணிக்கு ஒரு வெள்ளை மாருதி வந்தது. எனக்குக் கண் கலங்காத குறை. ஆனால் அது கொள்ளைத் தொடாமல் மண்ணோரமாக இறங்கியது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"ஓரமா போவாதீங்க. மேலயே ஏத்துங்க."

ஓட்டிவந்த பெரியவர் கண்ணாடியை இறக்கினார். "முப்பது வருசம் கவர்மெண்டு பஸ்ல இத ஏத்தி ஏத்தி அலுத்துப்போச்சு தம்பி. காருலயுமா?"

இந்த இடத்தில் என் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அனுபவஸ்தரே கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் முறைத்தார். பெரியவர் மட்டும் சிரித்தபடி ஒரு முறை ஏற்றினார். காய்கள் படபடவென்று உடைந்தன. அந்தச் சத்தத்தில் எனக்குப் பேராசை வந்தது. ரிவர்ஸில் ஒரு முறை வரச் சொன்னேன், வந்தார். இன்னொரு முறை என்று கை காட்டினேன். (டிராபிக் போலீஸ் தோற்றார். வாயில் விசில் ஒன்றுதான் குறை.) மூன்றாவது ரவுண்டில் கொடி முழுவதும் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு கார் நின்றுவிட்டது.

அரிவாளோடு காருக்கு அடியில் நுழைந்து, மல்லாந்து படுத்து அறுக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தவை இரண்டு ஜோடிச் செருப்புகள்தான். மீசைக்காரரின் செருப்பு பேசியது.

"ஏந்தம்பி, இங்க ராஜமாணிக்கம் வூடு எது? பையன் பேரு செந்திலு."

அரிவாள் நின்றது. ராஜமாணிக்கம் என் அப்பா. வீட்டை உள்ளபடி பார்க்க வேண்டும் என்று ஐந்து மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வெளியே வந்து கும்பிட்டிருக்கலாம். ஆனால் வருங்கால மாமனாரின் காரைச் சூடடிக்க விட்டவன் எந்த முகத்தோடு வெளியே வருவது? கூலியாளாகவே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"அந்தா, அந்த ஓட்டு வூடுங்க."

"பையன் எப்படி?"

"தங்கமான பையனுங்க."

"குடிப்பானா?"

"மோரே அளவாத்தாங்க குடிப்பாரு."

"வேலவெட்டி செய்வானா?"

"அவராட்டம் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாதுங்க."

"அப்ப ஏன் நீ ஒருத்தனே வெயில்ல கெடக்கற? அவன் எங்க?"

"குளிச்சிட்டிருப்பாருங்க" என்றேன்.

"பதினோரு மணிக்கா?"

"ரொம்ப சுத்தம் பாப்பாருங்க."

தப்பித்தோம் என்று மீண்டும் அறுக்கத் தொடங்கினேன். அப்போது மீசைக்காரர், தரகர் கொடுத்த நம்பரில் பையனுக்கே ஒரு போன் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்வது கேட்டது. அடுத்த நொடி என் இடுப்பில் போன் அலறியது. ஒரு கையில் அரிவாள், மறு கையில் கொடி. இடுப்பை நெளித்துப் பார்த்தேன், போன் நிற்கவில்லை. தானாக அடங்கியது. அப்பாடா என்பதற்குள் இரண்டாவது முறை அடித்தது.

பெரியவரின் செருப்பு மெதுவாக அருகில் வந்தது. முட்டி மடங்கியது. சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"என்னங்க மாப்ள, குளிச்சு முடிச்சாச்சா?"

வெட்கத்தில் அப்படியே படுத்திருந்தேன். அந்தக் கார் கிளம்பி என் மேலேயே ஒரு ரவுண்டு போயிருந்தாலும் சம்மதம்தான். பிறகு மிச்சக் கொடியையும் அறுத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தபோது பெரியவரும் மீசைக்காரரும் ரோட்டில் குந்தி, தங்கள் காரில் அறுபட்டுத் தொங்கிய கொள்ளுக் கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையிலிருந்த மைசூர்பாகு பொட்டலம் கீழே விழுந்தது.

மீசைக்காரர், அதாவது பெண்ணின் தாய்மாமன், இந்த இடம் வேண்டவே வேண்டாம் என்றாராம். பெரியவர்தான், "பையன் வாய் தொறந்தா பொய்யி. ஆனா மானம் போனப்பறமும் வேலய முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சான்" என்று சொல்லி முடித்துவைத்தாராம். ஆனியில் கல்யாணம். மணமேடையில் அவர் மகள் என் காதருகே முதன்முதலாகக் கேட்ட கேள்வி, "குளிச்சிட்டீங்களா?"

இப்போது எங்கள் வீட்டில் யாராவது தன் பெருமை பேசினால், "அதக் காருக்கு அடியில போயிப் பேசு" என்பார்கள். ஒவ்வொரு தை மாதமும் மாமனார் அதியமான்கோட்டையிலிருந்து அதே மாருதியில் வருகிறார். கொள்ளின் மேல் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, முன்னே ஒன்று என்று மூன்று ரவுண்டு ஓட்டிவிட்டு, காரில் உட்கார்ந்தபடியே என் நம்பருக்குப் போன் போட்டு, பையன் எப்படி என்று விசாரிக்கிறார்.

கல்யாணமாகி ஏழு வருடமாகிறது. இன்றுவரை அந்தப் போனை என்னை எடுக்கவிடாமல் என் மனைவிதான் எடுக்கிறாள்.

"இன்னும் விசாரிச்சிட்டுத்தாம்பா இருக்கேன்" என்கிறாள்.