கப்சிப் அண்ணாச்சி கூவிய காலை

இந்த உலகத்திலேயே கூவாமல் இட்லி விற்ற ஒரே மனிதர் எங்கள் கப்சிப் அண்ணாச்சிதான். அறுபதுகளின் கடைசியில், தாராவியில் என் அறைக்கு எதிர் அறையில் குடியிருந்தார். காலையில் அவர் சம்சாரம் பேச்சியக்கா அவித்துக் கொடுக்கும் இட்லியை அண்டாவோடு தலையில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருமுனையில் நிற்பார். நிற்பார், அவ்வளவுதான். யாராவது திரும்பிப் பார்த்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“கூவுனா என்ன அண்ணாச்சி?” என்பேன்.

“நம்ம இட்லிய யாருய்யா வாங்கப் போறா? கூவி வேற அவமானப்படணுமா?”

பேச்சியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “இட்லிக்கு என்ன கொறச்சல்? பூ மாதிரி இருக்கு. கொறச்சலெல்லாம் உம்ம தொண்டையிலதான். தீவாளிக்குள்ள யாவாரம் சூடு பிடிக்கலேன்னா மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போயிருவோம். எங்கண்ணன் வீட்டு வாசல்ல நின்னு சோறு கேளும்!”

மச்சினன் என்றாலே அண்ணாச்சிக்குச் சிம்மசொப்பனம். அப்படியும் வாய் திறக்கவில்லை.

நான் ஒரு ரப்பர் ஹாரன் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அதன் வாயில் கந்தல் துணியைத் திணித்திருந்தார். “சத்தம் ரொம்ப வருது தம்பி. நாலு பேரு என்ன நெனப்பாங்க?” சரி என்று கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி கொடுத்தேன். கொசு முனகுவது போல “இட்லி” என்று ஒரு தடவை சொன்னார். உடனே பக்கத்து அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து, மதராசிகளெல்லாம் வெளியே போ என்று பம்பாயில் ஒரே கலாட்டா. தமிழ்ப் போர்டுகளில் தார் பூசினார்கள். நான் வேட்டியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, திருநீற்றை அழித்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். எவனாவது கனைத்தாலும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டேன். வீட்டுக்குள்ளேகூடக் கிசுகிசுவென்றுதான் பேச்சு. தெருவே கப்சிப் ஆனதில் அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு தெம்பு. “இப்பத்தான் தம்பி, எல்லாரும் நம்மள மாதிரி இருக்காங்க!”

ஒரு நாள் காலை கம்பும் கையுமாக ஒரு கும்பல் தெருவில் நுழைந்தது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. என் கதவும்தான். இடுக்கு வழியாகப் பார்த்தால், ஐயையோ, அண்ணாச்சி நடுத்தெருவில் நிற்கிறார்! தலையில் அண்டாவோடு ஓட முடியாது. அதை இறக்க இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். தெருவில் நம்மாள் ஒருத்தரும் இல்லை. மனுஷன் தொலைந்தார் என்றே நினைத்தேன்.

“ஏ லுங்கிவாலா! க்யா ஹை இஸ்மே?” இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒருவன் கம்பால் அண்டாவைத் தட்டினான்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

“இட்லீஈஈ!”

சயான் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். ஆயுசு முழுக்க அடக்கி வைத்தது அத்தனையும் பயத்தில் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

பேச்சியக்கா காதில் விழுந்தது, புருஷன் கூவிவிட்டார் என்பது மட்டும்தான். சட்னி வாளியும் இலைக்கட்டுமாகப் பாய்ந்து வந்தாள். “வந்துட்டேன், வந்துட்டேன்! எத்தன பேரு? ஏல, கம்பக் கீழ போடு! எலைய எந்தக் கையில புடிப்ப? நீங்க ரெண்டு பேரும் அண்டாவ எறக்குங்க!”

அவர்களுக்குப் பாஷை புரியவில்லை, அதட்டல் புரிந்தது. கம்பைப் போட்டுவிட்டு அண்டாவை இறக்கினார்கள். இலையையும் வாங்கிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நெட்டையன் இலையை நீட்டி, “ஔர் தோ” என்றான். அண்ணாச்சி இன்னும் ரெண்டு இட்லி வைத்தார். அவன் முகத்தை நேராகப் பார்த்து, “அச்சா ஹை?” என்று கேட்டார். அவன் வாய் நிறைய இட்லியோடு தலையாட்டினான்.

“எங்க வீட்ல அவிச்சது!” என்றார் அண்ணாச்சி, தமிழில், நல்ல சத்தமாக.

கலாட்டா அதோடு ஓய்ந்துவிடவில்லை. ஆனால் அண்ணாச்சி ஊருக்குப் போகவில்லை. தினமும் கூவினார், அண்டா காலியாகத் திரும்பியது. “பயம் போயிருச்சா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“எங்க போச்சு? காலு இப்பவும் கிடுகிடுன்னுதான் ஆடுது. அதுக்காவ நம்ம இட்லிய நாமளே கொறச்சுப் பேசலாமா, தம்பி?”

அந்தப் பொல்லாத மாதங்களில், விடிந்ததும் அவர் குரல் தெருவில் கேட்கிறதா என்று காத்திருந்து, கேட்ட பிறகுதான் நான் தாழ்ப்பாளை நீக்குவேன்.