பாஸ்வேர்டு கடைமடைக்குப் போகட்டும்

திருவையாறு,
14.10.2006

அன்பு மகன் புகழேந்திக்கு,

அப்பா கோவிந்தராசு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சம்பாப் பயிரும் சௌக்கியம். ஜெர்மனியில் நீயும் மருமகளும் குளிருக்கு அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை ஈ-மெயிலில் போடக்கூடாதா என்று கேட்பாய். உங்கள் குழுவில் ஒருவருக்குப் போட்டால் நாற்பது பேர் படிக்கிறார்களாம். இது வீட்டு விஷயம், அதனால் தபால்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பற்றிப் பேச இரண்டு பேர் வந்தார்கள். அதிராம்பட்டினத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அஸார், தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் ஹஃப்ஸா. நீ எழுதிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு வேலை பார்க்கிறவர்களாம். சம்பளம் எவ்வளவு என்றேன், கிடையாது என்றார்கள். மென்பொருள் என்ன விலை என்றேன், அதுவும் கிடையாதாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாமாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சும்மா கிடைப்பதற்கு என்ன சண்டை, இதற்குப் போய் பஸ் ஏறி வருவானேன் என்று நான் கேட்டு முடிக்குமுன் உன் அம்மா அடுக்களையிலிருந்து, "ஆத்துத் தண்ணியும் சும்மாதான் வருது. அதுக்கு எத்தனை மண்டை ஒடைஞ்சிருக்கு?" என்றாள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

பல தேசத்து ஆட்கள் அனுப்பிய அறுபத்திரண்டு திருத்தங்கள் வாசலிலேயே நிற்கின்றனவாம். உள்ளே விடுகிற பாஸ்வேர்டு உன் ஒருவனிடம்தான் இருக்கிறது, நீயோ நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. பொங்கலுக்குள் வழி பிறக்காவிட்டால் பாதிப் பேர் ஒரு நகல் எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடுவார்களாம். ஆறு வருஷம் கண்முழிச்சு வளர்த்தது ரெண்டாப் போயிடும்ப்பா. அதற்கு ஒரு சட்டதிட்டம் வேண்டும், யார் முடிவெடுப்பது, எப்படி ஓட்டுப் போடுவது என்று எழுதவேண்டும், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று ஹஃப்ஸா சொன்னதும் எனக்குக் கை துறுதுறுத்துவிட்டது. பதிமூணு வருஷமா வாய்க்கால் பாசன சங்கத் தலைவரா இருக்கிறவன் வீட்டுல வந்து சட்டம் எழுதத் தெரியலைன்னா விடுவேனா? சங்கத்துத் துணைவிதிகளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன், ஹஃப்ஸா மடிக்கணினியில் அடித்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது விதியில் அஸார் நிறுத்தினார். மதகுச் சாவி தலைமடைக்காரரிடம் இருக்கக்கூடாது, கடைமடைக்காரரிடம்தான் இருக்கவேண்டும் என்பது விதி. ஏன் அப்படி என்று கேட்டார். தலைமடைக்கு எப்படியும் தண்ணீர் பாய்ந்துவிடும், கடைசி வயலுக்கு வந்ததா இல்லையா என்பது அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும் என்றேன். அவர் கடையில் ஆறு பழைய கம்ப்யூட்டர்களாம். நீ எதை மாற்றினாலும் முதலில் படுத்துக்கொள்வது அவைதானாம், கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் காத்துக் கிடக்கிறார்களாம். "நாங்கதாங்க கடைமடை" என்றார்.

அதற்குள் கரண்டு போய்விட்டது. பேட்டரி தீருமுன் முடிக்கணும்னு நான் வேகமா வாசிக்க, அவங்க வேகமா அடிக்க, மறுநாள் அஸார் அதைத் திருத்தாமலே எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிட்டார். கரையில் மாடு கட்டக்கூடாது என்ற விதி ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. தன்னிடம் மாடு இல்லை என்று குறிப்பு எழுதி நார்வேக்காரர் ஒருவர் ஆதரித்திருக்கிறார். வருஷம் ஒருமுறை தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பதற்கு, மாமனாரை அனுப்பலாமா என்று டொராண்டோவிலிருந்து ஒருவர் கேட்டாராம். ஹஃப்ஸா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆனாலும் அந்த விதியை வைத்துக்கொண்டார்கள். வருஷத்தில் ஒரு வாரம் எல்லாரும் கூடிப் பழைய பிழைகளை வாரிப்போடுவார்களாம்.

ஒன்பதாவது விதிக்கு முப்பத்தோரு ஓட்டு ஆதரவு, இரண்டு எதிர்ப்பு. பாஸ்வேர்டு அஸாரிடமும் ஹஃப்ஸாவிடமும் போகவேண்டும்.

ஆகவே மகனே, அனுப்பிவிடு. பெற்ற பிள்ளையைப் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதே. வலிக்கும், எனக்குத் தெரியுது. ஆனா நீ அங்க தூங்குற நேரத்துல இங்க கடை திறந்துடுறாங்களேப்பா. உன் அப்பன் சங்கத்தில் பதிமூன்று வருஷமாக இந்த விதி இருக்கிறது, ஒரு சச்சரவு வந்ததில்லை. கொடுத்துவிட்டால் மனசு லேசாகும்.

மருமகளைக் கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகவேண்டாம் என்று சொல். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

உன் அப்பா,
கோவிந்தராசு

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். "அந்த ஒம்பதாவது விதிப்படி நம்ம மதகுச் சாவி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள். என் தலையணை உறைக்குள் இருக்கிறது. பதிமூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறது. கடைமடையில் வயல் வைத்திருக்கிற அம்சம் என்கிற பொம்பளை ஒவ்வொரு ஆடியிலும் வந்து கேட்கும், பூட்டுக்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சச்சரவு வராததற்குக் காரணம் அதற்குச் சண்டை போடத் தெரியாததுதான். எங்கப்பா அந்த மதகுப் பக்கம் நின்னாலே மத்த தெருக்காரங்க வெரட்டுவாங்க, புகழு. நம்ம தெருவுக்குன்னு ஒரு சாவி வந்ததே நான் தலைவரானப்பதான், எப்படிக் கொடுக்க மனசு வரும்? நாளைக்கே கொடுத்துவிடச் சொல்கிறாள் உன் அம்மா. மனசு லேசாகும் என்று எழுதினேனே, அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. நீ முதலில் கொடுத்துப் பார்த்து, எப்படி இருந்தது என்று எழுது.