முட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஃபிலிம்

ஆனால் நீயே சொல் ரெமி, இங்கே வந்தபோது எங்கள் ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் உன் கேமரா ஃபிலிமை வைத்துவிட்டுப் போனால், அது எடுத்த ஃபிலிமா எடுக்காத ஃபிலிமா என்று உன் அத்தைக்கு எப்படித் தெரியும்? நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். மாதா கிருபையால் நானும் மாமாவும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. மான்ட்ரியாலில் பூசைக்குப் போகிறாயா? பதில் எழுதாதே, எனக்குத் தெரியும்.

அன்செல்ம் சாமியார் நாற்பது வருடம் நம் பங்குக் கோயிலில் இருந்து ஓய்வு பெற்றார். கோயில் சுவரில் பழைய சாமியார்களின் படங்கள் வரிசையில் மாட்டுவதற்கு அவருடைய கடைசிப் பூசையைப் படம் எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கோயிலுக்குள் ஃபோனைக் கண்டாலே திட்டுவார் என்பதால் வேறு யாரும் எடுக்கவில்லை. மாமாவின் பழைய கேமராவில் உன் ஃபிலிமைப் போட்டேன். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அப்படி இருந்தால் புதுசுதான் என்று மாமா சத்தியம் பண்ணினார்.

கழுவி வந்த படத்தைப் பிரிச்சேன் பாரு, சேசு மரி சூசை! சாமியார் நெஞ்சு மேல, கொடியில பனியில விறைச்சுத் தொங்குற மாமாவோட கம்பளி உள்கால்சட்டை! பாட்டுக்குழு மேல எங்க வீட்டு வாசல் பூட்ஸ்! பேய் வேலைன்னு தீர்த்தம் தெளிச்சேன், ரெண்டு படம் சுருண்டுபோச்சு. படம் கழுவுற கடைப் பொண்ணுதான், "எடுத்த ஃபிலிம்லயே திரும்ப எடுத்திருக்கீங்கம்மா, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு"ன்னா. "அப்ப கால்சட்டையை மட்டும் கழட்டிடு"ன்னேன். சிரிக்கிறா!

ஏண்டா, படம் எடுக்க வேற ஒண்ணுமே கெடைக்கலையா? புது சோபா வாங்கி ரெண்டு மாசம் ஆகல, ஒரு படத்துல கூட அது இல்ல!

ஞாயித்துக்கிழமை மாட்டியாகணும். சாமியார் இருக்கிற முதியோர் இல்லத்துக்கே போயி, செஞ்ச தப்பைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஒவ்வொரு படமா கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தாரு. அவரு பூசைக் கிண்ணத்தைத் தூக்குற படம், அதுல நீ எடுத்த கெட்டில் ஆவி, கிண்ணத்துலேர்ந்தே கிளம்புற மாதிரி விழுந்திருக்கு.

"ஓடில், நாப்பது வருஷமா தூக்கினேன். ஒரு நாளும் இப்படிப் பாத்ததில்ல"ன்னாரு.

"அது எங்க வீட்டுக் கெட்டில் சாமி."

"இருக்கட்டுமே, இதையே மாட்டு."

கண்ணைத் தொடச்சாரா, மூக்கைத் தொடச்சாரான்னு தெரியல. பாவத்துக்கு என்ன அபராதம்னு கேட்டேன், பூட்ஸ் படத்தை வாங்கித் தலைமாட்டுல வச்சுக்கிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியலடா. நேத்து கெட்டில் கொதிக்கிறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். தண்ணி வத்திப்போச்சு, டீ போடவே இல்ல.

ஆண்டவர் உன்னையும், நீ பார்க்கிறதையெல்லாம் படம் பிடிக்கிற அந்தக் கண்ணையும் காப்பாராக.

இப்படிக்கு,
அத்தை ஓடில்

பி.கு.: இனிமேல் உன் பொருளைத் தொடமாட்டேன், மாதா மேல் ஆணை. வெண்ணெய்க்குப் பின்னாடி இன்னொரு ஃபிலிம் இருந்துச்சே, அதுல என்னடா எடுத்து வச்சிருக்க? உடனே ஃபோன் பண்ணு. இப்பத்தான் ஞாபகம் வருது, பக்கத்து வீட்டுக் கோலெட் கல்யாணம் முழுக்க அதுலதான் எடுத்தேன்.